இரட்டைத் திரையும் ஒரு பொய்க்கணக்கும்

இலக்கியம் படிக்கிறவர்கள் கூடுகிற இடத்தில் கிராபிக்ஸ் கார்டு பற்றி எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். ஒரு பாடபேதத்துக்காக நான்கு பதிப்புகளைத் தேடிப்பிடித்து வரிக்குவரி ஒப்பிடுகிற அதே மனிதர்கள், பழைய கணினியில் இரண்டாவது மானிட்டரை மாட்ட வேண்டும் என்று வந்தால், அட்டைப்பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்ட எண்ணைப் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். இந்த விஷயத்தில் கடைக்காரர்களும், நம்மிடையே உலவும் கணினி அறிந்த நண்பர்களும் வழங்கிவருகிற ஆலோசனை வேறு யாருக்கோ அளவெடுத்துத் தைத்த சட்டை என்பது என் கட்சி. நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இரண்டு திரை எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எதிர்த்தரப்பின் முதல் அம்பு அங்கிருந்துதான் வரும். "கம்பன் என்ன மானிட்டர் வைத்தா எழுதினான்?" என்று கேட்கிற நகைச்சுவையாளர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கம்பனுக்கு வேண்டாம், கம்பனை மெய்ப்புப் பார்க்கிறவனுக்கு வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் முதல் இன்றைய தமிழ் விக்கிமூலம் வரை, பழைய நூல்களை மின்னுரையாக்கும் பணி ஒரே ஒரு செயலின் மேல்தான் நிற்கிறது. அச்சுப் பக்கத்தையும் தட்டச்சான வரியையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே அது. எழுத்துணரி மென்பொருள் ரகரத்தையும் துணைக்காலையும் குழப்பும்; மெய்யெழுத்தின் புள்ளியை விழுங்கும்; பழைய அச்சின் மங்கிய னகரத்தை ணகரமாக்கும். ஒரே திரையில் ஜன்னல்களை மாற்றி மாற்றிப் பார்க்கிறபோது, இரண்டு பார்வைகளுக்கும் நடுவே நினைவு புகுந்துவிடுகிறது. பிழையான சொல்லை அது தானாகவே சரியாக்கிப் படித்துவிடும். பிழை அப்படியே நின்றுவிடும்.

பெரிய அகலத்திரை ஒன்றை வாங்கினால் போதாதா என்றால், போதும். ஆனால் வீட்டிலோ அலுவலகத்திலோ சும்மா கிடக்கிற பழைய 19 அங்குலச் சதுரவாக்குத் திரை, 1280-க்கு 1024 புள்ளிகள் கொண்டது, ஒரு டெமி அளவுப் பக்கத்தைக் காட்டுவதற்கு இன்றைய அகலத்திரையைவிட வசதியானது. அகலத்திரையாகவே இருந்தாலும் தாங்கி இடம்கொடுத்தால் செங்குத்தாகத் திருப்பி வைக்கலாம். படத்தைத் தொண்ணூறு பாகை திருப்பிக் காட்டுவது எந்த கிராபிக்ஸ் சில்லுக்கும் பெரிய காரியமில்லை. ஆகவே இரண்டாம் திரை இங்கே ஆடம்பரம் இல்லை, அநேகமாகச் செலவும் இல்லை. செலவு தொடங்குவது அதை எதில் செருகுவது என்ற கேள்வியில்தான்.

ரிச்சி தெருவிலோ பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ டில்லி நேரு பிளேசிலோ போய், "இரண்டு மானிட்டர் மாட்ட வேண்டும், ஒரு கார்டு கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் மானிட்டரில் என்ன துளை இருக்கிறது, கணினியில் எந்த இயங்குதளம் ஓடுகிறது என்று கேட்பவர்கள் அபூர்வம். "2 ஜிபி போதுமா, 4 ஜிபி வேண்டுமா?" என்பதுதான் முதல் கேள்வி. இந்த ஜிபி கணக்கு பொய்க்கணக்கு. கூட்டிப் பார்ப்போம்.

1920-க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் இருப்பவை 20,73,600 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு முழுத்திரைக்கு ஏறத்தாழ 8.3 எம்பி. இரண்டு திரைக்கு 16.6 எம்பி. இதை நொடிக்கு 60 முறை நினைவகத்திலிருந்து வாசித்துத் திரைக்கு அனுப்ப வேண்டும். அதாவது நொடிக்குச் சுமார் 1 ஜிபி. 2016-ல் வந்த, கடைநிலைக் கார்டு என்று எல்லோரும் ஏளனம் செய்கிற ஜிடி 710-இன் டிடிஆர்3 வகைகூட நொடிக்கு 14.4 ஜிபி வாசிக்கும். திறந்திருக்கும் ஒவ்வொரு ஜன்னலுக்கும் இயங்குதளம் தனித்தனியே ஒரு படம் வைத்துக்கொள்கிறது, உலாவியும் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது என்பதால் உண்மையான பயன்பாடு சில நூறு எம்பி வரை போகும். அப்படியும் 1 ஜிபி தாராளம். பெட்டியின் மேல் இருக்கிற 4 என்ற எண், நாவலின் பின்னட்டையில் பக்கங்களின் எண்ணிக்கையைப் போட்டு இலக்கியத் தரத்தை நிறுவுவதைப் போன்றது. (அப்படியும் நம்மிடையே நாவல்கள் விற்கின்றன என்பது வேறு விஷயம்.)

விலைக்கேற்ற கார்டு எது என்று சொல்லவரும் பட்டியல்கள் எல்லாமே விளையாட்டில் நொடிக்கு எத்தனை சட்டகம் வருகிறது என்பதை அளக்கின்றன. அந்த அளவுகோல் விளையாடுகிறவர்களுக்கு நியாயமானது. பேஜ்மேக்கரில் பக்கம் கட்டுகிறவருக்கும், தேதி தெரியாத பதிப்பொன்றின் ஸ்கேனை உருப்பெருக்கிப் பார்க்கிறவருக்கும் அது சம்பந்தமற்றது. சம்பந்தமற்ற அளவுகோலில் தோற்றுப்போன ஒரு பொருளைக் குப்பை என்று சொல்லிவிட்டு, அதைவிட நான்கு மடங்கு விலையுள்ள ஒன்றைப் பரிந்துரைப்பது அறிவுரை ஆகாது.

இனிப் பெயர்கள். இங்கேதான் நம் பதிப்பாசிரியர் குணம் விழித்துக்கொள்ள வேண்டும். 2014-ல் ஜிடி 730 என்ற கார்டு வெளிவந்தபோதே ஒரே பெயரில் மூன்று சரக்குகள் இருந்தன. ஒன்று பழைய ஃபெர்மி தலைமுறைச் சில்லு, 96 கருக்கள். மற்ற இரண்டும் கெப்ளர் தலைமுறை, 384 கருக்கள். அவற்றுள் ஒன்றுக்கு டிடிஆர்3 நினைவகம், இன்னொன்றுக்கு ஜிடிடிஆர்5. வேகத்தைக்கூட விடுங்கள். பெயர் ஒன்றாக இருந்தும் ஆயுள் வேறாகிப்போனது என்பதே என் புகார். ஃபெர்மி சில்லுகளுக்குப் புதிய டிரைவர்களை நிவிடியா 2018-ல் நிறுத்தியது, கெப்ளருக்கு 2021-ல். பெட்டியில் இரண்டுக்கும் அதே மூன்று இலக்கம்தான்.

ஜிடி 1030-இன் கதை இன்னும் கேவலமானது. 2017-ல் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு, நொடிக்கு 48 ஜிபி வேகத்தோடு வந்தது. அடுத்த ஆண்டே, 2018-ல், அதே பெயரில் டிடிஆர்4 நினைவகம் போட்ட இன்னொன்று சந்தைக்கு வந்தது. அதன் வேகம் நொடிக்கு 16.8 ஜிபி. மூன்றில் இரண்டு பங்கை வெட்டியெடுத்துவிட்டு அட்டைப்படத்தை மாற்றாமல் மறுபதிப்புப் போட்ட புத்தகம் இது. ஒரு பதிப்பகம் இதைச் செய்திருந்தால் நாம் கண்டனக் கட்டுரை எழுதியிருப்போம், கூட்டம் போட்டிருப்போம். கார்டு என்பதால் பேசாமல் வாங்கினோம். இரண்டு திரைக்கு 16.8 போதுமே என்று நான் மேலே போட்ட கணக்கை எடுத்து என் மேலேயே வீசுவீர்கள். போதும்தான். போதுமான பொருளைப் போதுமான பொருளின் பெயரிலும் விலையிலும் விற்க வேண்டும் என்பதே கேள்வி.

பழைய கார்டு வாங்கப் போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. பல தலைமுறைகள் முந்திய மலிவுச் சில்லின் உள்நிரலை மாற்றி எழுதி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போன்ற பெயரைச் சொல்லும்படி செய்து விற்கிற வியாபாரம் பல ஆண்டுகளாக நடக்கிறது. ஜிபியு-இசட் என்ற இலவசக் கருவி 2018 முதல் இப்படிப்பட்ட போலிகளை அடையாளம் காட்டுகிறது. கடையிலேயே மாட்டி, இதை ஓட்டிப் பார்க்காமல் பழைய கார்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

நிற்க. கார்டே வேண்டாம் என்கிற சாத்தியத்தை யாரும் சொல்வதில்லை. சொன்னால் விற்பனை இல்லை. 2011-ல் வந்த இரண்டாம் தலைமுறை இன்டெல் கோர் செயலிகளின் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதி, ஒரே சமயத்தில் இரண்டு திரைகளை வெவ்வேறாகக் காட்டவல்லது. 2012-இன் மூன்றாம் தலைமுறை, மதர்போர்டு இடம்கொடுத்தால், மூன்றைக் காட்டும். அந்தக் காலத்து மதர்போர்டுகள் பலவற்றின் பின்புறத்தில் விஜிஏ ஒன்றும், எச்.டி.எம்.ஐ அல்லது டிவிஐ ஒன்றும் இருக்கும். ஒன்றில் மானிட்டரை மாட்டிவிட்டு மற்றதைத் தூசி மூடியோடு அப்படியே விட்டிருப்பார்கள். தேவைப்படுவது ஒரு கேபிள். செயலியின் பெயர் எஃப் என்றோ, சில பழையவற்றில் பி என்றோ முடிந்தால் மட்டும் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ஏற்கெனவே ஒற்றைத் துளைக் கார்டு மாட்டியிருக்கிறது, அதனால் மதர்போர்டின் துளை வேலை செய்யவில்லை என்றால், பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். கார்டு செருகியவுடன் உள்ளிருக்கும் கிராபிக்ஸைத் தானே அணைத்துவிடும் போர்டுகள் பல. மல்டி மானிட்டர் என்ற பெயரில் ஒரு தேர்வு இருக்கும். அதை இயக்கினால் ஒரு திரை கார்டிலும் மற்றது போர்டிலுமாக ஓடும்.

துளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பணம் அதிகம் வீணாவது இங்கேதான். ஒரு எச்.டி.எம்.ஐ துளையை இரண்டாக்குகிறேன் என்று விற்கப்படும் ஸ்ப்ளிட்டர், ஒரே படத்தை இரண்டு திரையிலும் காட்டும். மேடைக்கு இருபுறமும் திரை கட்டுகிற விழாக்காரர்களுக்கு அது உதவும், நமக்கு உதவாது. பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் இருக்கிறதென்றால் இன்னும் கவனம் தேவை. விஜிஏ அனலாக். டிவிஐ-யில் ஐ என்று முடியும் வகை அனலாக்கையும் சுமக்கும், டி என்று முடியும் வகை சுமக்காது. ஜிடி 1030-இல் வருவது டிவிஐ-டியும் எச்.டி.எம்.ஐயும், அதன் டிவிஐயில் சாதாரண விஜிஏ தொப்பி செருகவே செருகாது, உள்ளே சில்லு வைத்து மாற்றித் தருகிற தனி அடாப்டர் வேண்டும். அது சில நூறு ரூபாய்தான். ஆனால் கார்டைத் திறந்து மாட்டியபிறகு இது தெரியவருகிறபோது ஒரு நாள் போய்விடுகிறது. ஜிடி 710 கார்டுகள் பலவற்றில் விஜிஏ, டிவிஐ, எச்.டி.எம்.ஐ மூன்றும் உண்டு. ஏளனத்துக்குள்ளான கார்டு பழைய திரைக்கு ஏன் பொருத்தம் என்பதற்கு இதுவே முதல் காரணம். அலுவலகங்களிலிருந்து கழித்துக்கட்டப்பட்ட என்விஎஸ் 300 போன்றவற்றில் 59 ஊசிகள் கொண்ட ஒற்றைத் துளைதான் இருக்கும். அதிலிருந்து இரண்டாகப் பிரியும் கேபிள், ஸ்ப்ளிட்டரைப் போலன்றி, உண்மையிலேயே இரண்டு தனித்தனித் திரைகளைத் தரும். கார்டு மலிவாகக் கிடைக்கும், கேபிள் உடன் வராது. கேபிள் இல்லாத கார்டு வெறும் தகடு.

இப்போது எதிர்த்தரப்பின் பிரதான ஆயுதத்துக்கு வருகிறேன். "பழசைக் கட்டிக்கொண்டு ஏன் அழுகிறீர்கள், புதுக் கணினி வாங்குங்கள்" என்பது அது. தமிழ் அச்சுலகத்தில் பழைய கணினிகள் ஏன் உயிரோடு இருக்கின்றன என்று தெரியாதவர்கள்தான் இப்படிச் சொல்வார்கள். அடோபி பேஜ்மேக்கரின் 7.0 வெளிவந்தது 2001-ல். அதற்குப்பின் பெரும்பதிப்பு இல்லை. ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்களில், ஆளுக்கொரு குறியேற்றத்தில், அந்த மென்பொருளில் கட்டப்பட்ட நூல்கள் எத்தனையோ இன்னும் அப்படியே கிடக்கின்றன. மறுபதிப்பு என்றால் அந்தக் கோப்பைத் திறந்தாக வேண்டும். அதைத் திறப்பது விண்டோஸ் எக்ஸ்பியோ 7-ஓ ஓடுகிற, மூலையில் முனகிக்கொண்டிருக்கிற அந்தக் கணினிதான். அதைத் தூக்கி எறியச் சொல்கிறவர் ஒரு பதிப்பகத்தின் பின்பட்டியலையும் சேர்த்துத்தான் எறியச் சொல்கிறார்.

இப்படிப்பட்ட கணினிக்குப் புதிய கார்டைப் பரிந்துரைப்பதில் உள்ள அபத்தத்தைப் பாருங்கள். ஜிடி 1030-க்கு எக்ஸ்பியில் ஓடும் டிரைவரை நிவிடியா வெளியிடவே இல்லை. 2022-ல் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6400, சின்ன உருவம், தனி மின்கம்பி வேண்டாம் என்பதால் பழைய கணினிக்கு ஏற்றது என்று புகழப்பட்டது. விண்டோஸ் 7-க்கான ஆதரவை ஏஎம்டி அதற்கு முந்திய ஆண்டே கைவிட்டிருந்தது. இன்டெல்லின் ஆர்க் கார்டுகளோ, பழைய மதர்போர்டுகளில் இல்லாத ரீசைசபிள் பார் என்ற வசதியை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டவை. அது இல்லாத இடத்தில் மந்தமாகிவிடும் என்று இன்டெல்லே சொல்கிறது. புதியது என்பதாலேயே பொருந்தாமல் போகிற பண்டங்கள் இவை. (எக்ஸ்பி, 7 ஓடுகிற கணினியை இணையத்தில் இணைக்காதீர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். கோப்பை யுஎஸ்பியில் எடுத்துப் போவது சிரமம்தான். சிரமப்படுங்கள்.)

விண்டோஸ் 10 கணினிகளின் நிலை வேறு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் அதன் பொது ஆதரவை முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11, இன்டெல் செயலிகளில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றை அநேகமாக ஏற்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற கணினிகள் இப்படி ஒரே நாளில் பழையவை என்று அறிவிக்கப்பட்டன. புதியது வாங்கலாம் என்றால், 2025-இன் இறுதியிலிருந்து, செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதில், ராம் விலை தாறுமாறாக ஏறியது. லினக்ஸுக்கு மாறுகிறவர்கள் மாறலாம். அவர்களுக்குப் பழைய ரேடியான் நல்லது: 2017-ன் ஆர்எக்ஸ் 550 போன்றவற்றின் டிரைவர் லினக்ஸ் கருவுக்குள்ளேயே, திறந்த மூலமாக இருக்கிறது. நிறுவனம் ஒரு நாள் காலையில் அறிவிப்பு வெளியிட்டு அதன் கதையை முடித்துவிட முடியாது.

நிவிடியா அப்படித்தான் செய்தது. ஜிடி 1030 சார்ந்த பாஸ்கல் தலைமுறைக்கு முழுமையான டிரைவர் 2025 அக்டோபரோடு முடிகிறது, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று 2025-ல் அறிவித்தது. இதைச் சொல்லாமல் ஜிடி 1030-ஐப் புதிதாகப் பெட்டியில் வைத்து விற்பதை என்னவென்று சொல்வது? காலாவதித் தேதியை அழித்துவிட்டு மருந்து விற்பதைச் சட்டம் தண்டிக்கிறது.

அப்படியானால் நீ எதை வாங்கச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். பேஜ்மேக்கருக்காக உயிரோடு வைத்திருக்கிற, விஜிஏ திரைகள் கொண்ட விண்டோஸ் 7 கணினிக்கு, மதர்போர்டின் துளைகள் போதாவிட்டால், ஜிடி 710. அது 19 வாட் மின்சாரத்தில் ஓடும். விசிறியே இல்லாத வகையும் உண்டு என்பதால் சத்தம் இல்லை. அதன் டிரைவர் காலம் முடிந்துவிட்டது என்பது அங்கே பொருட்டில்லை, இயங்குதளத்தின் காலமே முடிந்தாயிற்று. ஆனால் இரண்டாம் திரையில் காணொளி உரை கேட்கிற பழக்கமுள்ளவர்கள் இதை வாங்க வேண்டாம். யூடியூப் பயன்படுத்துகிற விபி9 வடிவத்தை விரிக்கும் பகுதி இந்தச் சில்லில் கிடையாது. பாரம் முழுவதும் செயலியின் தலையில் விழும்; பழைய செயலி திணறும். அவர்களுக்கும் விண்டோஸ் 10-இலேயே நின்றுவிட்டவர்களுக்கும் என் தேர்வு பழைய குவாட்ரோ பி400. 2017-ல் அலுவலகப் பணிநிலையங்களுக்காக வந்தது; 30 வாட்; மூன்று மினி டிஸ்ப்ளே போர்ட் துளைகள். இதுவும் பாஸ்கல்தான், இதற்கும் மேற்சொன்ன ஆயுள் எல்லை உண்டு. ஆனால் விளையாட்டு உலகம் இதைச் சீந்துவதில்லை என்பதால் பழைய சந்தையில் விலை இறங்கிக் கிடக்கிறது. விளையாடுகிறவர்களின் அலட்சியத்தை நாம் ஒருமுறையாவது பயன்படுத்திக்கொள்வோம். மினி டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐக்கோ விஜிஏவுக்கோ போகிற அடாப்டர்களைக் கேட்டு, விலையில் சேர்த்துப் பேசுங்கள்.

எதை வாங்கினாலும் தனி மின்கம்பி கேட்காத கார்டாக இருக்கட்டும். மதர்போர்டின் துளை 75 வாட் வரைதான் தரும். அதற்குள் அடங்குவதே பழைய எஸ்.எம்.பி.எஸ்-க்கு நல்லது. நிறுவனங்களிலிருந்து வெளியேறி நம் மேசைக்கு வந்திருக்கும் ஒடுங்கிய கேபினெட்டுகளில் பெரும்பாலும் 240 வாட் எஸ்.எம்.பி.எஸ்தான் இருக்கும். அவற்றில் முழு உயரக் கார்டு நுழையாது. அரை உயரத் தகடு பெட்டிக்குள் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் கிடக்கும். பழைய கார்டு என்றால் பெரும்பாலும் தொலைந்திருக்கும். பணம் கொடுப்பதற்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள். தனியாகத் தேடினால் கிடைப்பது கஷ்டம்.